தாத்தா பூட்டுல "எஸ்.ஐ.ஆர்."னு இருக்கு, அப்ப ரயில் யாரோடது?

திருவாரூர்_ஜங்ஷன்
வணக்கம் மக்களே. முதல்லயே சொல்லிடறேன், இது ஓட்டர் லிஸ்ட் எஸ்.ஐ.ஆர். இல்ல, பழைய சவுத் இந்தியன் ரயில்வே 😀

பொங்கலுக்கு பரண் ஒழிக்கிறப்ப ஒரு பித்தளைப் பூட்டு கிடைச்சுது, நல்ல கனம், அரைக் கிலோ இருக்கும் போல, மேல எஸ்.ஐ.ஆர்.னு அச்சு. தாத்தா 1938ல திருத்துறைப்பூண்டி ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேனா, அதாவது வண்டிக்கு தண்டவாளம் மாத்தி விடறவரா, சேர்ந்தவர். அவர் கடைசி வரைக்கும் "நான் கம்பெனி வேலைல சேர்ந்தவன்டா"ன்னுதான் சொல்லுவார். எங்க பெரியப்பா என்னடான்னா "அதெல்லாம் இல்ல, எஸ்.ஐ.ஆர். கவர்மென்ட் சொத்துதான், கம்பெனி சும்மா பேருக்கு"ன்னு அடிச்சு சொல்றார். ரெண்டு பேருக்கும் இதுல சண்டையே வந்திருக்காம், அம்மா சொன்னாங்க. தாத்தா போய் இருபது வருஷமாச்சு, பெரியப்பா இன்னும் விடல.

யார் சொல்றது சரி? எஸ்.ஐ.ஆர். யாரோடது, எப்ப கைமாறுச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க.

சும்மா_படிக்கிறவன்
இதுல என்ன குழப்பம், வெள்ளைக்காரன் கம்பெனி, சுதந்திரம் வந்ததும் நாம எடுத்துக்கிட்டோம், 1951ல சதர்ன் ரயில்வே ஆச்சு. முடிஞ்சுது.

மீட்டர்கேஜ்_மாமா
தம்பி அவ்ளோ ஈசியா முடியாது. சுதந்திரத்துக்கு மூணு வருஷம் முன்னாடியே கம்பெனி கையை விட்டுப் போயாச்சு, 1944 ஏப்ரல் 1. அதே தேதிலதான் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயையும், அதாவது எம்.எஸ்.எம்., சர்க்கார் எடுத்துக்கிச்சு. 1951 ஏப்ரல் 14ல நடந்தது வேற, எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம்., மைசூர் ஸ்டேட் ரயில்வே மூணையும் ஒண்ணாக் கட்டி சதர்ன் ரயில்வேன்னு பேர் வச்சாங்க. நாட்டுலேயே முதல் மண்டலம் அதுதான். அப்ப மூணுமே ஏற்கனவே சர்க்கார் சொத்து, கைமாத்துறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

ஆதியிலேர்ந்து சொல்றேன், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

1850கள்ல லண்டன்ல கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேன்னு ஒரு கம்பெனி. மெட்ராஸ்ல அதுக்கு முன்னாடியே மெட்ராஸ் ரயில்வேன்னு இன்னொரு கம்பெனி வந்து 1856 ஜூலை 1ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் வண்டி விட்டுட்டாங்க, அது தெரிஞ்ச கதை. இந்த கிரேட் சதர்ன் ஆளுங்க மெட்ராஸ் பக்கமே வரல, நேரா நாகப்பட்டினத்துல இறங்கிட்டாங்க. துறைமுகம் இருக்கு, டெல்டா நெல்லு இருக்கு, வேறென்ன வேணும். 1861ல நாகப்பட்டினம் தஞ்சாவூர், 1862ல திருச்சி. அப்புறம் கரூர் வழியா ஈரோடு போய் மெட்ராஸ் ரயில்வேயோட சேர்ந்துக்கிட்டாங்க. இதெல்லாம் அப்ப பிராட்கேஜ், அதாவது அகலப் பாதை!

அதே சமயம் வடக்க இந்தியன் டிராம்வே கம்பெனின்னு இன்னொண்ணு, அரக்கோணம் காஞ்சிபுரம் நடுவுல 1865ல ஒரு சின்ன லைன், மூணரை அடி கேஜ். அது பின்னால கர்நாடிக் ரயில்வேன்னு பேர் மாத்திக்கிச்சு. 1874ல கிரேட் சதர்னும் கர்நாடிக்கும் சேர்ந்ததுதான் உங்க தாத்தா பூட்டுல இருக்கற சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. ஆபீஸ் லண்டன்ல, வேலை திருச்சியில.

சேர்ந்த கையோட, போட்ட பிராட்கேஜை எல்லாம் பிடுங்கி அதைவிடக் குறுகலான மீட்டர்கேஜ் ஆக்கினாங்க பாருங்க, சிக்கனமாம். அதுல திருச்சி ஈரோடு லைனை 1920கள்ல திரும்ப பிராட்கேஜ் ஆக்கினாங்க. தஞ்சாவூர் பக்கம் நாம ஆக்குறதுக்கு இன்னும் எழுபது வருஷம் ஆச்சு. ஒரே பாதைக்கு மூணு தடவை செலவு.

சும்மா_படிக்கிறவன்
சரி மாமா, தேதி தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா 1944 வரைக்கும் வெள்ளைக்காரன் கம்பெனி சொத்துதானே? அவன் காசு போட்டான், அவன் ரயில் விட்டான். அவன் இல்லேன்னா இன்னும் மாட்டு வண்டிலதான் போயிருப்போம்.

கணக்குப்பிள்ளை_73
இந்த "அவன் காசு போட்டான்" டயலாக்கைப் பார்த்தா எனக்கு பிபி ஏறும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், மன்னிக்கணும்.

அந்தக் காலத்து ஒப்பந்தம் எப்படின்னா, கம்பெனி லண்டன்ல ஷேர் வித்து பணம் திரட்டும். நிலம் இங்க சர்க்கார் சும்மா குடுக்கும். போட்ட முதலுக்கு 5 சதவீதம் வட்டி சர்க்கார் கேரண்டி. ரயில்ல லாபம் வந்தா அதுலேர்ந்து அந்த 5 சதவீதம், வரலேன்னா குறையறதை இந்திய வருவாய்லேர்ந்து, அதாவது நம்ம ஊர் நிலவரி உப்புவரி பணத்துலேர்ந்து எடுத்துக் குடுக்கணும். 5க்கு மேல லாபம் வந்தா ஆளுக்குப் பாதி. இன்னும் கேளுங்க, கம்பெனிக்கு நடத்தப் பிடிக்கலேன்னா ஆறு மாசம் நோட்டீஸ் குடுத்துட்டு போட்ட முதலை முழுசா வாங்கிக்கிட்டு போயிடலாம்! இப்படி ஒரு பிசினஸ் எனக்கு யாராவது குடுத்தா நான் நாளைக்கே ரயில் விடறேன். செலவைக் குறைக்கணும்னு ஒருத்தனுக்கும் அவசியமே இல்ல, எவ்வளவு கொட்டினாலும் அதுக்கும் வட்டி உண்டு.

இதுக்குள்ள ஒரு நாணய மாற்று வேலை வேற. பழைய ஒப்பந்தங்கள்ல ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 10 பென்ஸ்னு கட்டிப் போட்டுட்டாங்க. மார்க்கெட்ல ரூபா விழுந்துக்கிட்டே வந்து 1890கள்ல 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழ போச்சு, ஆனா லாபத்துல கம்பெனி பங்கை மட்டும் அந்தப் பழைய ரேட்லதான் பவுனா மாத்திக் குடுக்கணும். வித்தியாசம் யார் தலைல? நம்ம தலைலதான்.

இப்ப முக்கியமான விஷயம், பெரியப்பா பாயிண்ட். அந்த ஒப்பந்தத்துல 25 வருஷமோ 50 வருஷமோ கழிச்சு சர்க்கார் வாங்கிக்கலாம்னு ஒரு ஷரத்து உண்டு. எஸ்.ஐ.ஆர். விஷயத்துல அதை 1890 கடைசியில பயன்படுத்திட்டாங்க, லைனை சர்க்கார் வாங்கிடுச்சு. அப்புறம்தான் காமெடி, அதே பேர்ல புதுசா ஒரு கம்பெனி லண்டன்ல பதிவு பண்ணி, "நீயே நடத்து"ன்னு 1891லேர்ந்து அதுகிட்டயே குடுத்துட்டாங்க. பேர் மாறல, போர்டு மாறல, தொப்பி மாறல. ஆனா தண்டவாளம் சர்க்காரோடது, கம்பெனி நடத்தறவன் மட்டும்தான்.

டெல்டாக்காரருக்கு புரியற மாதிரி சொல்லணும்னா, 1890 வரைக்கும் பண்ணையார், அப்புறம் அதே நிலத்துல குத்தகைக்காரன். ஊர்ல எல்லாரும் பழக்கதோஷத்துல இன்னும் "பண்ணையார் வயல்"னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அவ்ளோதான்.

திருவாரூர்_ஜங்ஷன்
அய்யய்யோ அப்ப பெரியப்பா சொன்னதுதான் சரியா 😭 இதை அவர்கிட்ட காட்டினா வீடு தாங்காது

பொன்மலை_பேரன்
தாத்தா சொன்னதும் சரிதாங்க ஜங்ஷன். வேலைக்கு எடுத்தது யாரு, சம்பளம் போட்டது யாரு, வேலையை விட்டு தூக்குனது யாரு? கம்பெனி ஏஜென்ட்தான், அதாவது இங்க கம்பெனியோட தலைமை அதிகாரி. தொழிலாளிக்கு தண்டவாளம் யார் பேர்ல இருந்தா என்ன?

எங்க கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினம் ஒர்க்‌ஷாப்ல இருந்தவர். 1920கள் கடைசியில அந்த ஒர்க்‌ஷாப்பை அப்படியே தூக்கி திருச்சி பொன்மலைக்கு கொண்டு போனாங்க, நாகப்பட்டினம் அதுலேர்ந்து எழுந்திரிக்கவே இல்லன்னு எங்க வீட்ல இன்னும் பேசுவாங்க. அப்ப ஆள்குறைப்புன்னு கம்பெனி ஆரம்பிச்சதுலதான் 1928 ஜூலை ஸ்ட்ரைக் வெடிச்சுது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலரை அந்த வழக்குலதான் உள்ள போட்டாங்க, முதல்ல 10 வருஷம்னு தீர்ப்பு, பின்னால குறைச்சாங்க. அன்னிக்கு யாரும் "சர்க்கார் ஒழிக"ன்னு ஆரம்பிக்கல, கம்பெனியைத்தான் திட்டினாங்க. ஆனா போலீஸ் யாரோடது? சர்க்காரோடது. குத்தகைக்காரனுக்கு ஒண்ணுன்னா நிலத்துக்காரன் வந்து நிப்பான்ல.

அப்புறம் கம்பெனி போய் சர்க்கார் வந்து ரெண்டரை வருஷத்துல, 1946 செப்டம்பர் 5, பொன்மலைல துப்பாக்கிச் சூடு, அஞ்சு பேர் செத்தாங்க. முதலாளி மாறியிருந்தான், அவ்ளோதான். இன்னிக்கும் வருஷாவருஷம் அந்த தேதியில அங்க மாலை போடறாங்க.

கணக்குப்பிள்ளை_73
பேரன் சொல்றதுல நியாயம் இருக்கு. உடமை ஒருத்தன், நடத்தறவன் ஒருத்தன்னு இருந்தா திட்டு வாங்க ஆள் கிடைக்கறது கஷ்டம். 1920, 21ல ரயில்வே நிர்வாகத்தை ஆராய ஆக்வொர்த் கமிட்டி உக்காந்தப்ப இதையேதான் பேசினாங்க, சர்க்கார் சொத்தை லண்டன் போர்டு வச்சு ஏன் நடத்தணும்னு. அதுக்கப்புறம் 1925ல ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயையும் ஜி.ஐ.பி.யையும், அதாவது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயையும், சர்க்கார் நேரா எடுத்துக்கிச்சு. நம்ம தெற்கு கம்பெனிகளுக்கு மட்டும் இன்னும் இருபது வருஷம் ஓடுச்சு.

பாலக்காட்டான்
மாமா 1908ஐ விட்டுட்டீங்களே, எங்க ஊர் கதையே அதுலதான் இருக்கு!

ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, போத்தனூர், பாலக்காடு, மங்களூர், இந்த லைன் மொத்தமும் மெட்ராஸ் ரயில்வே போட்டது, எஸ்.ஐ.ஆருக்கு சம்பந்தமே இல்ல. 1908 ஜனவரி 1ல மெட்ராஸ் ரயில்வேயை சர்க்கார் எடுத்து சொத்துப் பிரிக்கற மாதிரி ரெண்டாப் பிரிச்சுது. மெட்ராஸ்லேர்ந்து ஜோலார்பேட்டை வரைக்கும், அப்புறம் வடமேற்குப் பக்கம் எல்லாம் சதர்ன் மராட்டாவோட சேர்த்து எம்.எஸ்.எம். ஆச்சு. ஜோலார்பேட்டைக்கு இந்தப் பக்கம் மங்களூர் வரைக்கும் எஸ்.ஐ.ஆருக்கு வந்துது. அதனால மெட்ராஸ் சென்ட்ரல்ல ஏறி பாலக்காடு வர்றவன் ஜோலார்பேட்டை வரைக்கும் ஒரு கம்பெனி பாதையில, அதுக்கப்புறம் இன்னொரு கம்பெனி பாதையில வருவான், தூங்கிட்டா தெரியாது.

எக்மோர் ஒரு ஸ்டேஷன், சென்ட்ரல் ஒரு ஸ்டேஷன்னு மெட்ராஸ்ல ரெண்டு இருக்கறதுக்கும் இதான் காரணம், எக்மோர் எஸ்.ஐ.ஆர். வீடு, சென்ட்ரல் மெட்ராஸ் ரயில்வே வீடு, பின்னால எம்.எஸ்.எம். வீடு. எக்மோர்ல இப்ப இருக்கற கட்டடம் திறந்ததும் அதே 1908லதான்.

சும்மா_படிக்கிறவன்
அட, இவ்ளோ வருஷமா ரெண்டு ஸ்டேஷன் எதுக்குன்னு யோசிச்சதே இல்ல. ஆட்டோவுக்கு குடுத்த காசெல்லாம் யார் தருவா 😂

பாலக்காட்டான்
இன்னொண்ணும் இருக்கு. எஸ்.ஐ.ஆர். வண்டி ஓடுன எல்லாப் பாதையும் பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துன்னும் நினைக்காதீங்க. ஷொர்ணூர் எர்ணாகுளம் லைன், 1902ல திறந்தது, அது கொச்சி ராஜா காசு. மெட்ராஸ் சர்க்கார் கை விரிச்சதால திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளோட தங்க நெத்திப்பட்டம் பதினஞ்சுல பதினாலை வித்து லைன் போட்டார்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. அந்தப் பாதைல ஓட்டுனது முதல்ல மெட்ராஸ் ரயில்வே, 1908க்கு அப்புறம் எஸ்.ஐ.ஆர். வண்டி கம்பெனி பேர்ல, பாதை சுவாமி பேர்ல!

ஊட்டி மலை ரயில் கதை இன்னும் மோசம். 1885ல ஆரம்பிச்ச முதல் கம்பெனி மண்ணைக் கவ்வி, அடுத்த கம்பெனி கையில 1899ல குன்னூர் வரைக்கும் வண்டி போச்சு, 1903ல சர்க்கார் 35 லட்சத்துக்கு வாங்கிடுச்சு. ஊட்டிக்கு போனது 1908ல. அதுவும் கடைசியில எஸ்.ஐ.ஆர். கையிலதான் வந்து விழுந்துது.

காரைக்கால்_கடல்
அப்ப நாங்க மட்டும் இளைச்சவங்களா? பேரளம் காரைக்கால் லைன் 1898, பிரெஞ்சு கவர்மென்ட் சொத்து. ஓட்டுனது எஸ்.ஐ.ஆர். அங்க விழுப்புரம் பாண்டிச்சேரிக்கு இன்னொரு கதை, 1879லேயே வண்டி வந்துடுச்சு, எல்லைக்குள்ள இருக்கற பாதை பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனின்னு தனிக் கம்பெனியோடது, ஓட்டுனது மறுபடியும் எஸ்.ஐ.ஆர். ஆக லண்டன் கம்பெனி, பிரெஞ்சு மண்ணு, தமிழ் டிரைவர்.

எங்க ஆயா சொல்லும், வண்டி எல்லை தாண்டுறப்ப சுங்கக்காரன் ஏறி மூட்டையைக் குத்திப் பாப்பானாம். நாங்க 80கள்ல பார்த்தப்ப அந்த லைனே மூடற நிலைமைக்கு வந்துடுச்சு.

வன்னி_மகன்
இடையில வாறதுக்கு மன்னிக்கவும். எங்கட பக்கம் இந்தக் குழப்பம் இல்லை, ஏனெண்டா இலங்கையில கம்பனி ஒண்டு தொடங்கினது சரிவராமல் போய் அரசாங்கமே எடுத்துத்தான் 1864 கடைசியில கொழும்பில இருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் விட்டவை. அப்ப இருந்து அரசாங்க ரயில்தான். 1914ல பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் வந்தபிறகு, தனுஷ்கோடி வரைக்கும் எஸ்.ஐ.ஆர்., கடலில கப்பல், தலைமன்னாரில இருந்து எங்கட அரசாங்க ரயில். அம்மப்பா அப்பிடித்தான் மெட்ராசுக்குப் படிக்கப் போனவர். 64 புயலோட எல்லாம் போச்சு.

மீட்டர்கேஜ்_மாமா
வாங்க வன்னி, மன்னிப்பெல்லாம் எதுக்கு, போட் மெயில் இல்லாம எஸ்.ஐ.ஆர். கதையே கிடையாது. 1914க்கு முன்னாடி தூத்துக்குடி போய் அங்கேர்ந்து கொழும்பு கப்பல். எஸ்.ஐ.ஆர். தெக்கால நீண்டதே 1876ல தூத்துக்குடியைத் தொட்டதாலதான்.

பாலக்காட்டான், 1908ஐ விட்டது தப்புதான், வயசாச்சு.

எல்லாரும் ஊர் ஊராப் போயிட்டீங்க, கேள்வி கேட்ட தம்பியோட ஸ்டேஷனை யாரும் பார்க்கல. ஜங்ஷன், தாத்தா எந்த ஸ்டேஷன்னு சொன்னீங்க? திருத்துறைப்பூண்டியா?

திருவாரூர்_ஜங்ஷன்
ஆமா மாமா, திருத்துறைப்பூண்டி. சேர்ந்தது அங்க, அப்புறம் முத்துப்பேட்டை, ரிட்டையர் ஆனது மாயவரத்துல.

மீட்டர்கேஜ்_மாமா
நினைச்சேன். அப்ப தாத்தாவும் தப்பு, பெரியப்பாவும் தப்பு 😄

மாயவரம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, 1894ல திறந்த இந்த லைன் கம்பெனியும் போடல, இந்திய சர்க்காரும் போடல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. ஆமா, ரோடும் ஆஸ்பத்திரியும் பார்த்துக்கற அதே ஜில்லா போர்டு! நிலத்து மேல ரூபாய்க்கு 3 பைன்னு தனி செஸ், அதாவது கூடுதல் வரி, போட்டு வசூல் பண்ணின காசு அதுக்குள்ள இருக்கு. ஒரு ரூபாய்க்கு 192 பை, அதுல 3. பின்னால பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரைக்கும் நீட்டினாங்க. ஜில்லா போர்டு சொந்தமா ரயில் போட்டதுக்கு நாட்டுக்கே முன்னோடி தஞ்சாவூர்தான், இதுக்கு ஒரு கல்வெட்டு கூட எவனும் வைக்கல, எனக்கு அது ஒரு ஆத்தாமை.

போர்டுகிட்ட எஞ்சினும் கிடையாது ஆளும் கிடையாது, அதனால ஓட்டற வேலையை எஸ்.ஐ.ஆர்.கிட்ட விட்டுட்டாங்க. கம்பெனி தன் செலவுப் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை போர்டுக்கு குடுக்கும். அதனாலதான் திருத்துறைப்பூண்டில பூட்டு எஸ்.ஐ.ஆர். பூட்டு, சட்டை எஸ்.ஐ.ஆர். சட்டை. ஸ்டேஷனும் தண்டவாளமும் போட்டது செஸ் கட்டின மிராசுதாரும் சின்ன விவசாயியும்.

கணக்குப்பிள்ளை_73
மாமா சூப்பர். இதை நானே மறந்துட்டேன். லண்டன் பங்குதாரருக்கு 5 சதவீதம் கேரண்டி, நம்ம ஊர் செஸ் கட்டினவனுக்கு ஷேர் சர்டிபிகேட் கூட கிடையாது.

மிராசுதார் கட்டினார்னு மேலோட்டமா சொன்னா எப்படி, அவர் கட்டினதை குத்தகை வாரத்துல ஏத்தி யார்கிட்ட வாங்கியிருப்பார்னு டெல்டாக்காரங்களுக்கு சொல்லணுமா.

பொன்மலை_பேரன்
அதான். சங்கிலியோட கடைசியில ஒரு பண்ணையாள்தான் நிப்பான், அவன் ரயில்ல ஏறியிருப்பானோ என்னமோ.

சும்மா_படிக்கிறவன்
சரி நான் என் முதல் கமெண்டை வாபஸ் வாங்கிக்கறேன். "வெள்ளைக்காரன் காசு"ன்னு சொன்னது திருத்துறைப்பூண்டி லைனுக்கு மட்டும் வாபஸ். திருச்சி லைனுக்கு வாபஸ் இல்ல, அவன் முதல் போட்டது போட்டதுதானே, கேரண்டி இருந்தாலும்.

கணக்குப்பிள்ளை_73
முதல் போட்டான், ரிஸ்க் நாம போட்டோம். அதை மட்டும் சேர்த்து சொன்னா நான் ஒண்ணும் சொல்லல.

காரைக்கால்_கடல்
அந்த திருவாரூர் காரைக்குடி லைன்ல 2019ல பிராட்கேஜ் ஆகி வண்டி விட்டப்ப கேட் மூட ஆள் இல்லாம, வண்டிலயே ஆள் ஏறி ஒவ்வொரு கேட்லயும் இறங்கி மூடித் திறந்துக்கிட்டு போனாங்களே ஞாபகம் இருக்கா? ஜில்லா போர்டே நல்லா நடத்தியிருக்கும் போல.

திருவாரூர்_ஜங்ஷன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இழையை ஃபுல்லா பெரியப்பாவுக்கு படிச்சுக் காட்டினேன். 1890 வரைக்கும் தலையை ஆட்டிக்கிட்டே கேட்டார், "பாத்தியா, பாத்தியா"ன்னு ஒரே சந்தோஷம். ஜில்லா போர்டு வந்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா சொல்றார், "எங்க அப்பாவோட அப்பா அந்த செஸ் கட்டலேன்னு ஒரு தடவை வீட்டு அண்டாவை ஜப்தி பண்ணிட்டுப் போனாங்கன்னு பாட்டி சொல்லும், எதுக்குன்னு அப்ப எங்களுக்குத் தெரியாது, ஏதோ ரயில் வரின்னு சொல்லும்"னு. அந்த வீட்டுப் பையன்தான் அதே ரயில்ல பாயிண்ட்ஸ்மேனா சேர்ந்திருக்கார்.

பூட்டு இப்ப பெரியப்பா வீட்ல. சாவி இல்ல, திறக்கவும் முடியாது, ஆனா "இது நம்ம ரயில் பூட்டுடா"ன்னு எடுத்து வச்சுக்கிட்டார். அம்மா செம கோவத்துல இருக்காங்க, அரிசி டிரம்முக்கு போடலாம்னு வச்சிருந்தாங்களாம்.

மீட்டர்கேஜ்_மாமா
பித்தளைப் பூட்டுக்கு சாவி செய்ய திருவாரூர் தெற்கு வீதில இன்னும் ஆள் இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க. புளி போட்டு மட்டும் தேய்ச்சுடாதீங்க, எழுத்து மழுங்கிடும்.